சிவப்பு முதலியார், பச்சை முதலியார்

1931ஆம் வருஷம் ஆயுத பூஜையன்று காலை பத்தே முக்காலுக்கு, மயிலாப்பூர் தண்ணீர்ப்பந்தல் தெருவில், சுண்ணாம்புக் காளவாய் பொன்னுரங்க முதலியார் இரண்டு பேராக ஆனார். அன்றைக்கு எலுமிச்சம்பழம் அணாவுக்கு எட்டு. பூசணிக்காய் வரத்து சுமார்தான். திருவல்லிக்கேணிப் பக்கம் இந்தச் சம்பவத்தை வேறு மாதிரி சொல்கிறார்கள். புகை கிளம்பியதாம், இடி இடித்ததாம், முதலியார் நட்ட நடுவில் பிளந்தாராம். அந்தப் பேட்டைக்காரர்களுக்குக் கடற்காற்று கொஞ்சம் அதிகம், பேச்சும் அப்படித்தான். புகையும் இல்லை, இடியும் இல்லை. தெருவில் பதினோரு பேர் நின்று பார்த்தார்கள், பதினோரு பேரும் சொல்வது ஒன்றுதான். ஒரு முதலியார் நின்றிருந்த இடத்தில் யாரும் இல்லை; இரண்டு கார்களில் இரண்டு முதலியார்கள் உட்கார்ந்திருந்தார்கள்; கற்பூரத் தட்டு தரையில் கிடந்தது. இப்படி ஆனதற்கு ஒரு கல்யாணம் காரணம், அந்தக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போனதற்கு அந்த இரண்டு கார்கள் காரணம். வரிசையாகச் சொன்னால் இதில் புரியாதது எதுவும் கிடையாது.

முதலியாருக்கு அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மூன்று காளவாய்கள் இருந்தன. குப்பத்துப் பெண்கள் கூடை கூடையாகக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டுவார்கள், அது வெந்து சுண்ணாம்பாகும். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று பெயர் வைத்து வீடு கட்டத் தொடங்கிய பிறகு, அங்கே எழும்பிய சுவர்களில் பாதி இவருடைய சுண்ணாம்பைத்தான் பூசிக்கொண்டன. அதற்கு முன்னால் அவர் நடந்துபோகிற மனிதர். காலையில் காளவாய்க்கு நடை, மாலையில் சாந்தோம் வழியாக வீட்டுக்கு நடை. வரும்போது லஸ் முனையில் ஒரு முழம் முல்லைப்பூ வாங்கி, வாழையிலையில் கட்டிக் குடையின் பிடியில் தொங்கவிட்டுக்கொள்வார். அந்தக் குடையை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. விரித்தால் பூ விழுந்துவிடும் என்பார். மழையானால் நனைந்துகொண்டே வருவார். சாப்பிட்டானதும் அவரும் அவர் சம்சாரம் தேவானையும் கபாலி கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். தேவானை புரசவாக்கத்துப் பெண், நிறையப் பேசுவாள். அவர் ‘ம்’ போடுவார். 1908இல் கல்யாணம் ஆன நாளிலிருந்து பதினாறு வருஷம் அந்த வீட்டில் புருஷன் பெண்சாதிப் பேச்சு என்று நடந்தது அந்த ஒரு சுற்றில்தான். தேவானைக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, முதலியாரும் கேட்டதில்லை.

1924ஆம் வருஷம் ஆவணியில் துறைமுகத்துக்கு ஒரு மோட்டார் கார் வந்து இறங்கியது. இத்தாலிக்காரன் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மிளகாய்ப்பழச் சிவப்பு. பந்தயத்துக்கென்று செய்த வண்டி. ஊரில் பந்தயம் ஒன்றும் அப்போது இல்லை, அதனால் முதலியார் தன்னந்தனியாக ஓடித் தானே ஜெயித்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவரப் போன அன்று துறைமுகத்துக்கு நடந்து போனவர் காரில் திரும்பினார். போகும்போது கையில் இருந்த குடை வரும்போது இல்லை. யாரும் தேடவில்லை. காரில் போகிறவருக்குக் குடை எதற்கு? மறுநாள் தேவானையை உட்காரவைத்து அடையாற்றுப் பாலம் வரை அழைத்துப்போனார். லஸ் தாண்டுவதற்குள் அவள் தலைப்பூ காற்றில் போனது, சாந்தோமில் வாய் நிறையப் புழுதி, பாலத்தில் அவளுக்கு உயிரே இல்லை. இறங்கியதும் அவர் கேட்டது, “இன்னா, அதும் சத்தத்த கேட்டியா?” என்பதுதான். அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளை அவர் அழைக்கவுமில்லை, குளத்தைச் சுற்றப் போகவுமில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பச்சை வந்தது. இங்கிலீஷ்காரன் செய்தது, முருங்கையிலைப் பச்சை. முதல் கார் வந்தபோது தெரு வாயைப் பிளந்தது. இரண்டாவது வந்தபோது தெருவுக்கு ஒன்றும் தோன்றவில்லை, முதலியாருக்குத்தான் நெஞ்சு படபடத்தது. சிவப்பின்மேல் இருந்த ஆசை குறைந்துவிடும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை, அதே அளவு ஆசை பச்சையின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே ஒரு முறை வகுத்தார். தமிழ்த் தேதி ஒற்றைப்படையானால் சிவப்பு, இரட்டைப்படையானால் பச்சை. இதில் ஒரு சிக்கல் இருந்தது. முப்பத்தொரு நாள் மாதத்தில் கடைசி நாளும் சிவப்பு, அடுத்த நாள் ஒன்றாம் தேதி, அதுவும் சிவப்பு. அப்படி வரும்போதெல்லாம் பச்சை இரண்டு நாளைக்குக் கிளம்பாது. கார்களைக் கவனித்துக்கொண்ட திருவல்லிக்கேணி அன்வர் பாஷா, “மொதலாளி, அது இரும்பு. அதுக்குக் கோவம் கீவம்லாம் கெடையாது. பிளக்குல கரி கீது,” என்று சொல்லித் துடைத்துப் பார்ப்பான். கரி இருக்காது. முதலியார் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பச்சையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார், உடனே கிளம்பும். இந்த ஊரில் காரியம் சாதிக்கத் தெரிந்த ஜீவன்கள் பல உண்டு, அதில் அதுவும் ஒன்று என்று தெருவில் எடுத்துக்கொண்டார்கள். அன்வர் பாஷா மட்டும் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலியாருக்கு ஒரே பெண், நவநீதம். 1927 தை மாதம் அவளுக்குப் பதினாறு முடிந்தபோது தியாகராய நகரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் தணிகாசல முதலியார், ஓவர்சியர் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். பிற்பாடு பனகல் பார்க் வந்த இடத்துக்கு எதிரே நம் முதலியாரின் சுண்ணாம்பால்தான் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வேதகிரி, மராமத்து இலாகாவில் படம் வரைகிறவன். தட்டு மாற்றுகிற நேரத்தில் தணிகாசலம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு கார் வச்சிகினு கீறீங்க. எம் புள்ளைக்கு ஒண்ணு குடுத்துடுங்க. எதுவா இருந்தாலும் சரி, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.” சம்பந்தம் கெட்டது அந்தப் பெருந்தன்மையால்தான். சிவப்பைக் கொடு என்று கேட்டிருந்தால் முதலியார் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்திருப்பார், பங்குனியில் கல்யாணம் முடிந்திருக்கும். எதுவாக இருந்தாலும் சரி என்றதும், எதை என்கிற பொறுப்பு முதலியார் தலையில் வந்து விழுந்தது. “ஒரு வாரம் டைம் குடுங்க,” என்றார். அந்த ஒரு வாரம் ஏழு வருஷம் ஏழு மாதம் நீடித்தது.

முதலில் மந்தைவெளி ஜோசியரிடம் போனார். ஜாதகம் இல்லாமல் எதையும் சொல்லமுடியாது என்றார் ஜோசியர். அது நியாயமாகப் பட்டதால் முதலியார் ஒரு வக்கீல் குமாஸ்தாவை உட்காரவைத்து இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் கடிதம் எழுதினார்: தங்கள் பட்டறையில் இன்ன நம்பருள்ள வண்டி பிறந்த தேதி, மணி, நிமிஷம் தெரிவிக்கவும். இத்தாலியிலிருந்து படம் போட்ட புத்தகம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். இங்கிலாந்திலிருந்து மரியாதையான பதில் வந்தது: சரியான நிமிஷம் குறிக்கப்படவில்லை, வருந்துகிறோம்; ஆனால் கடைசித் திருகாணியை முடுக்கிய ஆளை விசாரித்ததில், ஒரு வியாழக்கிழமை, தேநீர் குடித்த பிறகு என்று நினைவு. ஜோசியருக்கு அது போதுமாக இருந்தது. சிவப்புக்கு அதன் நிறத்தையே ஆதாரமாக வைத்துச் செவ்வாயில் தொடங்கினார். இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இதுங்க ரெண்டும் எஜமானன விட்டுப் பிரிஞ்சா எஜமானனுக்கு ஆவாது. பிரியலன்னா வீட்டுக்கு ஆவாது,” என்றார். முதலியார் அதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தார்.

பிறகு முண்டகக்கண்ணியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, ஒரு பொட்டலத்தில் மருக்கொழுந்து. அம்மன் முன்னால் போட்டு, விஷயம் தெரியாத யாராவது ஒன்றை எடுக்கவேண்டும். எது வருகிறதோ அது போகவேண்டிய கார். வாசலில் பூ விற்கிற முனியம்மாளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் அதில் அரளியும் இருந்தது, மருக்கொழுந்தும் இருந்தது. இன்னொன்றைப் பிரித்தார்கள், காலி. கட்டினதில் தப்பு என்று மறுபடி கட்டி மறுபடி எடுத்தார்கள். மூன்று தடவையும் அப்படியே. பூசாரி தலையைச் சொறிந்துகொண்டு, “அம்மனுக்கே புடிபடல போலக்கீது. ஆடி போவட்டும், அப்பால வாங்க,” என்றார். ஆடி போனது. அப்படி எத்தனையோ ஆடி போனது. ஒரே பொட்டலத்தில் இரண்டும் வந்தால் இரண்டையும் கொடு என்றுகூட அர்த்தம் இருக்கலாம் என்று அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை, தேவானைக்கும் அப்போது தோன்றவில்லை.

இத்தனைக்கும் வேதகிரிக்குக் கார் வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, சுண்ணாம்பு விஷயமாக என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் வருவான். சுண்ணாம்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவான், ஜன்னல் பக்கம் இருபது பார்வை பார்ப்பான், போய்விடுவான். பேசி முடித்த பையன்தானே என்று தேவானை கண்டும் காணாமல் இருந்தாள். 1929 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று, சைக்கிள் மணியைத் துடைக்கிற பாவனையில், நவநீதத்திடம் முதல் தடவையாகப் பேசினான்.

“ஒரு விஷயம் சொல்லணும். எனக்குக் கார்ல ஏறினா வாந்தி வருது.”

நவநீதம் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் இரண்டு வருஷத்தில் கேட்ட முதல் சிரிப்பு. “அத உங்க நைனாகிட்ட சொல்றதுதானே?”

“சொன்னேன். கார் உனக்கில்லடா, நம்ம வாசலுக்குன்னு சொல்றாரு.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவள் வேறு வரன் எதையும் கேட்க மறுத்தாள். வேறு வரனும் அதிகம் வரவில்லை என்பது வேறு விஷயம். பேசி நின்றுபோன பெண் என்று ஒரு பெயர் உண்டல்லவா, அது அவள்மேல் ஒட்டிவிட்டது. கோயிலுக்குப் போனால் பெண்கள் அவள் வயதைக் கேட்பார்கள், கேட்டுவிட்டுத் தங்களுக்குள் விரலை மடக்கிப் பார்ப்பார்கள். வேதகிரிக்கு முன்வழுக்கை விழுந்தது. தணிகாசலம் வீட்டுக்குப் பூசின சுண்ணாம்பு ஒரு தடவை உதிர்ந்து மறு பூச்சும் ஆயிற்று. கார்கள் இரண்டும் மட்டும் வந்த நாளில் இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வரலாம். இரண்டு கார் வீட்டில் பூஜை லேசான வேலை இல்லை. எதற்கு முதலில் சந்தனம், எதற்கு முதலில் கற்பூரம்? இதற்காகவே முதலியார் வருஷா வருஷம் இரண்டு குருக்களை வரவழைத்து ஒரே நேரத்தில் காட்டச் சொல்லுவார். அந்த வருஷம் ஒரு குருக்களுக்குக் காய்ச்சல். இருந்த ஒருவர் தட்டை முதலியார் கையிலேயே கொடுத்து, நடுவில் நின்று பொதுவாகக் காட்டிவிடுங்கள் என்று தப்பித்துக்கொண்டார். ஆனால் எலுமிச்சம்பழத்தைப் பொதுவாக நசுக்கமுடியாதே. சக்கரத்துக்கு ஒன்றாக எட்டுப் பழம் வைத்தாயிற்று, அன்வர் பாஷா இரண்டு எஞ்சினையும் சுற்றிக் கிளப்பிவிட்டான், இனி எஜமானன் ஏறிப் பழத்தின்மேல் ஓட்டவேண்டும். எதில் முதலில் ஏறுவது? குருக்கள், “பத்தே முக்காலோட நல்ல நேரம் முடியறது, சீக்கிரம்,” என்றார். முதலியார் வலது காலைச் சிவப்பின் பக்கம் வைத்தார், எடுத்தார். இடது காலைப் பச்சையின் பக்கம் வைத்தார், எடுத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. வாசற்படியில் நவநீதம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. தன் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பதை அன்றைக்கு அவள் நேருக்கு நேர் பார்த்தாள் என்று சொல்லலாம். குருக்கள் கடிகாரத்தை மூடினார். எட்டுப் பழமும் ஒரே சத்தமாக நசுங்கின. இரண்டு காரும் மூன்றடி நகர்ந்து நின்றன. இரண்டிலும் முதலியார் இருந்தார், அதே ஜரிகை வேட்டி, அதே விபூதி, அதே வியர்வை.

குருக்கள், அடுத்த வருஷம் சங்கல்பம் ஒரே பெயருக்குத்தானே என்று கேட்டார். தேவானை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், உள்ளே போய் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி களைந்து போட்டாள். அன்வர் பாஷாதான் ரொம்ப நேரம் நசுங்கின பழங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். “கிளட்ச்சுல இன்னாமோ கோளாறு,” என்றான்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிவப்பில் இருந்தவரைச் சிவப்பு முதலியார் என்றார்கள், பச்சையில் இருந்தவரைப் பச்சை முதலியார் என்றார்கள். தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. பந்தியில் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படைத் தொல்லை ஒழிந்தது, பச்சைக்கு அதன்பின் ஒரு நாளும் கோபம் வரவில்லை. சாந்தோமிலிருந்து அடையாற்றுப் பாலம் வரை இப்போது நிஜமாகவே பந்தயம் நடந்தது, மீன்கூடையோடு வருகிற பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்று எந்த முதலியார் முந்துகிறார் என்று பார்த்தார்கள். ஒருவரும் முந்தியதில்லை. படுக்கும் விஷயத்தில் வீட்டில் சங்கடம் வரும் என்று அக்கம்பக்கத்தில் சிலர் ஆவலோடு காத்திருந்தார்கள், வரவில்லை. 1926லிருந்தே முதலியார் கார் ஷெட்டில்தான் படுத்துக்கொண்டிருந்தார், இப்போது இரண்டு கட்டில்.

கல்யாண விஷயம் உடனே தீர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முன்பு இருந்தது ஒரே ஆள், அவருக்கு இரண்டு மனசு. இப்போது ஆளுக்கு ஒரு மனசு, தெளிவான மனசு. அந்தத் தெளிவைக் கேட்டுப் பார்த்தார்கள். பச்சையைக் கொடுத்துவிடலாம் என்றார் சிவப்பு முதலியார். சிவப்பைக் கொடுத்துவிடலாம் என்றார் பச்சை முதலியார். லஸ்ஸில் ஒரு வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சட்டத்தின் கண்ணில் இது ஒரே ஆசாமிதான், எவர் போட்டாலும் கையெழுத்துச் செல்லும், ஆனால் எதைக் கொடுப்பது என்பதைச் சட்டம் சொல்லாது என்றார். தேவானை கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தணிகாசலமோ வேறு ஒரு பேச்சை ஆரம்பித்தார். “ரெண்டு சம்பந்திய நான் கேக்கல. தார வாத்துக் குடுக்கறது யாரு? மொதல்ல எதனா ஒரு முதலியார முடிவு பண்ணிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்க.” அப்படியாகக் காரைப் பற்றி இருந்த கேள்வி ஆளைப் பற்றிய கேள்வியாயிற்று. அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் தேவானை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவள்கூட, “எந்த முதலியார வச்சிக்கப்போறம்மா?” என்று கேட்கத் தொடங்கினாள்.

தேவானை இரண்டு வருஷத்துக்கு மேல் பார்த்தாள். முடிவெடுக்கத் தெரியாமல் அல்ல. தான் கட்டிக்கொண்ட மனுஷன் இவர்களில் எவருக்குள் இருக்கிறார் என்று தேடினாள். பரிமாறும்போது பார்த்தாள், குளித்துவிட்டு வரும்போது பார்த்தாள். 1934 மாசி மகத்தன்று மாலை, தலையில் பூ வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். பத்து வருஷத்தில் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சிவப்பு முதலியாரிடம், “கொளத்த ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

“ஏறு,” என்றார் அவர். “அஞ்சு நிமிஷத்துல சுத்திடலாம்.”

அந்தப் பக்கம் போய்ப் பச்சை முதலியாரிடமும் அதையே கேட்டாள்.

“ஏறு. நாலு நிமிஷம் போதும்.”

தேவானை அடுக்களைக்குத் திரும்பிவந்து அழுதாள். பதினாறு வருஷம் ‘ம்’ போட்ட அந்த மனுஷன் இரண்டு பேரில் ஒருவருக்குள்ளும் இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் நிச்சயமாயிற்று. இல்லாத ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? பூவை எடுத்துச் சுவர்ப் பிறையில் வைத்தாள்.

அந்த ஆடியில் ஒரு பகல், அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நவநீதம் தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அம்மா, எனக்கு இருவத்திமூணு முடிஞ்சிபோச்சி. அவருக்குத் தலையில முடியே இல்ல. நைனா ரெண்டா ஆயிட்டாரு, நாலா ஆவறதுக்குள்ள எனக்கு ஒரு வழி சொல்லு.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தேவானையைக் குத்தியது. பாதிக் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள், வக்கீல் குமாஸ்தாவைக் கூட்டிவரச் சொன்னாள், இரண்டு காகிதம் எழுதி வாங்கினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு சிவப்பு முதலியாரிடம் போனாள்.

“பச்சைக் கார மாப்புள்ளைக்குக் குடுக்கறதா எழுதியிருக்கேன். சம்மதமா?”

“இத்தினி நாளா நானும் அதத்தானே சொல்லிகினு கீறேன்!” என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அவள் கையைப் பிடித்து, நீதான் நியாயம் தெரிந்தவள் என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டு பச்சை முதலியாரிடம் போனாள், மற்றக் காகிதத்தை நீட்டினாள். சிவப்புக் காரை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாக அதில் இருந்தது. அவரும் அதே சந்தோஷத்தோடு, அதே சுழி சுழித்து, அதே கையெழுத்தைப் போட்டார். அன்வர் பாஷாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கப் போனபோது, அவன் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வெகுநேரம் அவளைப் பார்த்தான்.

“அம்மா, ரெண்டும் பூடுமே.”

“பூடட்டும், பாஷா.”

அவன் போட்டான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தணிகாசலம் ஒரு காருக்கு ஆசைப்பட்டவர், வாசலுக்கு இரண்டு வந்தது என்றதும் சம்பந்தி எத்தனை பேர் என்கிற கேள்வியை அதோடு விட்டுவிட்டார். தாரை வார்க்கும்போது ஒரே செம்பை இரண்டு முதலியார்களும் பிடித்துக்கொண்டார்கள்; ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. காகிதங்களை வாசித்துக் காட்டியபோதுதான் இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதற்குள் தாலி ஏறிவிட்டது. வக்கீல் எழுந்து, கையெழுத்துச் செல்லும் என்று இன்னொரு தடவை சொன்னார். சாயங்காலம் அன்வர் பாஷா கார்களை எடுத்துக்கொண்டு போக வந்தான். சிவப்பு முதலியார் சிவப்பிலிருந்து இறங்கமாட்டேன் என்றார், பச்சை முதலியார் பச்சையிலிருந்து இறங்கமாட்டேன் என்றார். அவர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். தெரு முனை வரை இருவரில் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார் என்று தேவானை வாசலில் நின்றாள். சிவப்பு முதலியார் திரும்பினார், பச்சை எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் வீட்டு ஷெட்டில் இரண்டு கட்டில் போட்டிருக்கிறது. காலையும் மாலையும் பனகல் பார்க்கை இரண்டு காரும் சுற்றுகின்றன, ஒன்று வலமாக, ஒன்று இடமாக. காற்று வாங்க வருகிறவர்கள் அதை வைத்தே மணி சொல்லுகிறார்கள். கேட்ட சீர் கிடைத்துவிட்டதால் தணிகாசலத்துக்குப் புகார் சொல்ல வாயில்லை. அந்தக் கார்களில் அவர் இன்னும் ஒரு தடவையும் ஏறவில்லை, இடம் காலியில்லை. வேதகிரியும் நவநீதமும் எங்கே போனாலும் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மின்சார ரயில் ஏறுகிறார்கள். ரயிலில் அவனுக்கு வாந்தி வருவதில்லை.

கல்யாணம் ஆன நாலாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். தேவானை காலியான ஷெட்டைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தாள். தெரு முனையில் ஒரு ஆள் மெதுவாக நடந்துவந்துகொண்டிருந்தார். லேசாகத் தூறல். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. அதன் பிடியில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று தொங்கியது. தலை நரைத்திருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தது, செருப்பு தேய்ந்து வார் மட்டும் மிஞ்சியிருந்தது. துறைமுகத்திலிருந்து தண்ணீர்ப்பந்தல் தெரு நாலு மைல், அதற்குப் பத்து வருஷம் அதிகம்தான். ஆனால் போகிற வீட்டில் தன் இடத்தில் வேறு ஆள் இருக்கும்போது யாருக்கும் நடை அவ்வளவு வேகமாக வராது. அவர் வாசற்படிக்குக் கீழே நின்று அவளைப் பார்த்தார்.

“கொஞ்சம் நேரமாயிடுச்சி,” என்றார்.

தேவானை நகரவில்லை. அந்த முகத்தை அவள் இதற்குள் இரண்டு தடவை நம்பிப் பார்த்துவிட்டாள். கதவில் கையை ஊன்றி, வழியை மறித்துக்கொண்டு நின்றாள். குரல் நடுங்காமல் கேட்டாள்.

“வண்டி எங்க?”

அவர் முழித்தார். திரும்பித் தெருவைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

“எந்த வண்டி?”

தேவானை கதவிலிருந்து கையை எடுத்தாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். முல்லை காய்ந்து சருகாகியிருந்தது. உதிர்ந்தது போக மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று அவர் சாப்பிட்டானதும் இருவரும் போய்க் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவர் கால் வலியால் முக்கால் மணி நேரம் பிடித்தது. சொல்லவேண்டியது பத்து வருஷத்துக்கு இருந்ததால் அவளுக்கு அது போதவில்லை. அவர் ‘ம்’ போட்டுக்கொண்டே வந்தார். கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த முனியம்மாள், இது எந்த முதலியார் என்று கேட்டாள். நடக்கிற முதலியார் என்றாள் தேவானை. முனியம்மாள் சரி என்று ஒரு முழம் அளந்து கொடுத்தாள். வாக்காளர் பட்டியலில் இப்போது அந்தப் பெயர் மூன்று தடவை வருகிறது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. குடை ஷெட்டில் ஒரு மூலையில் இருக்கிறது.